கட்டையன்

துவக்கு வாங்கப் போகிறவர்கள் அதைத் தோளில் ஏற்றி, ஒரு கண்ணை மூடிக் குறி பார்ப்பார்கள். ஐயா சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்தி, துவக்கை அதன் பாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். முட்டவில்லை. பிறகு குழலைக் கழற்றச் சொன்னார். குழல் வேறு, பிடங்கு வேறு, கீழ்க்கட்டை வேறாக மூன்று துண்டு. மூன்றையும் நாங்கள் கொண்டுபோன உரப்பைக்குள் வைத்தார். பையின் வாயைக் கட்ட இடம் இருந்தது.

“இது காணும்” என்றார்.

1974ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் நாட்டுக்குள் வராமல் அரசாங்கம் தடுத்திருந்த காலம். செத்தல் மிளகாய்க்கு வன்னி கண்டிராத விலை கிடைத்தது. ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில் எங்கள் காணி. முன்பக்கம் றோட்டு, பின்பக்கம் காடு. அந்த முறை மிளகாய்ச் சாக்கு ஏற்றிய காசில் அம்மாவுக்கு ஒரு சோடித் தோடும் ஐயாவுக்கு ஒரு துவக்கும் என்று வீட்டில் முடிவானது. முந்திய காலபோகத்தில் குடலைப் பருவத்து நெல்லைப் பன்றி புகுந்து அரை ஏக்கருக்கு மேல் உழக்கிப் போட்டிருந்தது. பன்றி தின்பது கொஞ்சம், மிதித்துப் புரட்டுவதுதான் அதிகம். விடிய வயலைப் போய்ப் பார்த்தால் ஆட்கள் மல்லுக்கட்டிப் புரண்ட இடம்போலக் கிடக்கும்.

லைசென்ஸ் எடுப்பதே ஒரு போகத்து வேலை. முல்லைத்தீவு அப்போது தனி மாவட்டம் இல்லை, 1978இல்தான் பிரிந்தது. நாங்கள் வவுனியாக் கச்சேரிக்குப் போக வேண்டும். அதற்கு முன் கிராமசேவகரின் அறிக்கை. 1963இல் விதானை முறை போய்க் கிராமசேவகர் வந்திருந்தாலும் எங்கள் ஊரில் அவரை ‘விதானையார்’ என்றுதான் சொன்னார்கள். காணி உறுதி, பொலிஸ் விசாரணை, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று எழுதிய விண்ணப்பம். 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் தெற்கில் கிளர்ச்சிக்காரர் வீடு வீடாகத் துவக்குகளைப் பறித்திருந்தார்கள். அதன்பின் துவக்கு என்றதும் அதிகாரிகள் கடதாசியை இரண்டு தரம் படித்தார்கள். ஐயா நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக எத்தனை தரம் பஸ் ஏறினாரோ, ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. “கடதாசி இல்லாத துவக்கு ராவில சுடும், பகலில ஒளிக்கும்” என்பார்.

கடதாசி கிடைத்த பிறகுதான் எதை வாங்குவது என்ற கேள்வி வந்தது. புதுத் துவக்கு எங்கள் கைக்கு எட்டாது. கைமாறும் பழையதில்தான் தேட வேண்டும். மூன்று அகப்பட்டன.

முதலாவது ஓய்வுபெற்ற ஓவசியர் ஒருவரின் இரட்டைக்குழல். முப்பது அங்குலக் குழல், பூ வேலை செய்த வெள்ளித் தகடு, மெருகு குலையாத வாதுமைப் பிடங்கு. கையில் எடுத்தவர்கள் கீழே வைக்க மனமில்லாமல் நின்றார்கள். விலை ஒரு சோடி எருமைக்கு மேல். இரண்டாவது பதினாறு போர் ஒற்றைக்குழல். மிக மலிவு. ஐயா அதைத் தொட்டும் பார்க்கவில்லை. வவுனியாக் கடைகளில் கிடைத்ததெல்லாம் பன்னிரண்டு போர்த் தோட்டா. துவக்குக்கு ஒருமுறைதான் காசு, தோட்டாவுக்கு ஒவ்வொரு போகமும் காசு. தோட்டா கிடைக்காத துவக்கு உலக்கைக்கும் உதவாது என்பது அவருடைய கணக்கு. குறைந்த காசில் துவக்கு தேடும் எவரும் முதலில் போட வேண்டிய கணக்கு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

மூன்றாவதுதான் கட்டையன். பன்னிரண்டு போர், ஒற்றைக்குழல், வெளியே குதிரை வைத்தது, பர்மிங்காமில் செய்தது. பிடங்கில் ஒரு வெடிப்பு. அதைச் செப்புக் கம்பியால் சுற்றி இறுக்கியிருந்தது. குழல் இருபத்தாறு அங்குலம். ஊரில் இருந்த மற்றத் துவக்குகளெல்லாம் முப்பதும் முப்பத்திரண்டும்.

பெரியையாவுக்கு அந்த அளவு பிடிக்கவில்லை. அவர் இளமையில் இடியன் துவக்கோடு திரிந்தவர். காடு அவருக்குக் கோவில் வீதி மாதிரி.

“உதென்ன தம்பி, உலக்கைத் துண்டு மாதிரி. குழல் நீளமெண்டால்தான் வெடி தூரம் போகும்.”

“அது இடியனுக்கு அண்ணை.”

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. இடியனுக்கு இடிக்கும் கரிமருந்து மெல்ல எரியும். அதற்கு நீளக் குழல் வேண்டும். தோட்டாவுக்குள் இருக்கும் புகையில்லா மருந்து குழலின் முற்பாதியிலேயே எரிந்து முடிந்துவிடும். அதற்கு மேல் நாலைந்து அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் சன்னத்தின் வேகத்தில் பெரிய மாற்றம் இல்லை. இதே வாக்குவாதம் 1920களில் லண்டனிலும் நடந்திருக்கிறது. றொபேட் சேர்ச்சில் என்ற துவக்குச் செய்பவர் இருபத்தைந்து அங்குலக் குழல் போட்டு விற்கத் தொடங்கியபோது, முப்பது அங்குலத்துக்குப் பழகிய பெருங்குடி வேட்டைக்காரர்கள் அவரோடு சண்டைக்கு நின்றார்கள். இதை நான் வளர்ந்த பிறகு படித்தேன். ஐயாவுக்குச் சேர்ச்சிலைத் தெரியாது. எங்கள் காட்டைத் தெரியும். வீரையும் காரையும் சூரைமுள்ளும் பின்னிக் கிடக்கும் பற்றைக்குள் முப்பத்திரண்டு அங்குலக் குழலோடு திரும்பினால் கொடி பிடிக்கும்.

குட்டைக் குழலுக்கு வேறு குறைகள் உண்டு. சத்தம் கூடுதல். இருட்டில் வாய்முனையில் தீ பெரிதாகத் தெறித்துக் கண்ணைக் கூச வைக்கும். முன்மணி கண்ணுக்குக் கிட்ட இருப்பதால் சின்னக் கைநடுக்கமும் குறியில் பெரிய பிழையாகிவிடும். நீளக் குழலுக்குப் பழகியவன் இதை எடுத்தால் முதல் சில வெடிகள் தவறும்.

ஐயா அன்று பார்த்தே எடுத்தார். வவுனியாவில் துவக்குத் திருத்தும் ஒருவரையும் கூட்டிப் போயிருந்தோம். அவர் துவக்கை முறித்து, குழலை வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே வளையம் வளையமாக வெள்ளி வெளிச்சம். “குழி விழுந்திருந்தால் வளையம் உடையும்” என்றார். பிறகு குழலைப் பூட்டி, பிடங்கைக் கையிடுக்கில் வைத்து உலுப்பினார். பூட்டில் ஆட்டம் இல்லை. குழலை மட்டும் ஒரு நூலில் தொங்கவிட்டு விரல் நகத்தால் தட்டினார். கோவில் மணியின் கடைசி ஓசைபோல ஒன்று நின்று கரைந்தது. வெடிப்போ நெளிவோ இருந்தால் அந்த ஓசை மொட்டையாக நின்றுவிடுமாம்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். வாய்முனையில் கலிப்பரை வைத்து அளந்தார். கொஞ்சம் உள்ளே விட்டும் அளந்தார். வாய்முனை மயிரிழை ஒடுக்கமாக இருந்தது. அந்த ஒடுக்கத்துக்குச் சோக் என்று பெயர். சன்னம் எவ்வளவு விரிந்து போகும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான். குழலின் நீளத்துக்கு அதில் அதிகம் பங்கில்லை. யாராவது நீளக் குழலை அறுத்துக் குட்டையாக்கியிருந்தால் அந்த ஒடுக்கம் போயிருக்கும். “வெட்டின துவக்கு இல்லை. கம்பனிக் குழல்தான். வெட்டினதை வாங்கினால் வெடியும் சிதறும், வழக்கும் வரும்” என்றார். தோட்டா போடும் அறையையும் அளந்தார். இரண்டரை அங்குலம். பழைய இங்கிலாந்துத் துவக்கு பலதுக்கும் அந்த அளவுதான். இரண்டே முக்கால் தோட்டாவும் அதற்குள் போய்விடும். ஆனால் வெடிக்கும்போது வாய் விரிய இடம் போதாமல் அழுத்தம் ஏறும். “போகுதெண்டு போட்டுச் சுடாதையுங்கோ” என்று ஐயாவுக்கு மூன்று தரம் சொன்னார். ஐயா லைசென்ஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் ‘2½ மட்டும்’ என்று எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பத்து நாள்வரை அதால் ஒரு மிருகத்தையும் சுடவில்லை. பழைய வீரகேசரித் தாளை விரித்து வேலியில் கட்டினார். இருபது கவட்டில் நின்று எஸ்.ஜி. தோட்டா ஒன்று. பெரிய சன்னம் ஒன்பது இருக்கும் தோட்டா அது. தாளில் ஒன்பது ஓட்டை. தாளை மாற்றி முப்பது கவடு. ஏழு. நாற்பது கவடு. நாலு. நான்தான் எண்ணியவன். ஓட்டைகளுக்குள் விரலை விட்டு விட்டு எண்ணினேன். தாளில் கரிமணம்.

மூன்று தோட்டா வீண் என்று பெரியையா கவலைப்பட்டார். அந்த நாளில் தோட்டா அருமை. ஐயா ஒன்றும் பேசாமல் வயல் பரணிலிருந்து நாலு திசைக்கும் முப்பது முப்பது கவடு அளந்து, நாலு தடி ஊன்றி, வெள்ளைச் சீலைத் துண்டு கட்டினார். “சீலைக்கு இங்காலை வந்தால் வெடி. அங்காலை நிண்டால் சத்தம் மட்டும்.” தூரத்தில் சுட்டால் சன்னம் ஒன்றிரண்டு பட்டு மிருகம் காட்டுக்குள் ஓடிப்போய் நாலு நாள் கிடந்து சாகும். காயப்பட்ட பன்றி விறகுக்குப் போகிற பெண்களைப் பாயும். அந்த நாலு தடியைத் தாண்டி அவர் சுட்டதை நான் காணவில்லை. ஒற்றைக்குழல் என்பதால் இரண்டாவது வெடி என்ற நினைப்பும் இல்லை. விசையை இழுக்கமுன் ஒருதரம் மூச்சை விடுவார். எனக்கு அந்த மூச்சுத்தான் இன்றும் கேட்கிறது.

மார்கழி மழையில் ஒரு இரவு பரணில் அவரோடு இருந்தேன். பன்றி வரம்பில் ஏறிவிட்டது. மண்ணைக் கிண்டும் சத்தம் கேட்கிறது. ஐயா தோட்டாவைப் போடுகிறார், பாதிவரை போய் நிற்கிறது. அப்போது எங்களுக்குக் கிடைத்த தோட்டாக்கள் கடதாசி உடம்பு உள்ளவை, ஈரத்தில் ஊதிவிடும். இன்னொன்று, அதுவும் போகவில்லை. கடைசியில் தகரத்தைத் தட்டித்தான் பன்றியைக் கலைத்தோம். விடிந்து மழை விட்டதும் அம்மா தோட்டாக்களைச் சுளகில் பரப்பி, செத்தல் மிளகாய்ச் சுளகுக்குப் பக்கத்தில் இளவெயிலில் வைத்தார். இரண்டும் சிவப்பு. தூரத்தில் நின்று பார்த்தால் எது மிளகாய், எது தோட்டா என்று தெரியாது. அதன்பின் ஒவ்வொரு மாரியிலும் தோட்டாக்கள் ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் இறுக்கி மூடி, அடியில் ஒரு பிடி வறுத்த அரிசியோடு இருந்தன.

இருந்தாலும் கட்டையன் தன்னைக் காட்டியது 1975 பாலைப்பழக் காலத்தில்தான். ஆனி மாதம். முத்தையன்கட்டுக் குளத்துக்கு அங்காலைக் காட்டுக்குள் பழமும் தேனும் எடுக்க நாலு பேர் இரண்டு இரவு தங்கிவரப் புறப்பட்டார்கள். என்னையும் கூட்டிப் போனார்கள். ஒரு படங்கு, ஒரு சட்டி, அரிசி, கருவாடு, பனங்கட்டி, தேயிலை. காட்டு வாசலில் பெரியையா ஒரு குழையை முறித்து ஐயனாருக்கென்று மரத்தடியில் வைத்தார். அதற்குப் பிறகு யானையைப் ‘பெரியவர்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

வற்றிக்கொண்டிருந்த ஒரு மோட்டைக்குக் கிட்ட, ஆனால் காற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் வாடி போட்டோம். மோட்டைக் கரையில் படுக்கக் கூடாது. அது மிருகங்களின் தண்ணி. இரவு படங்கின் கீழ் ஐயா துவக்கை முறித்து, வெறும் குழலோடு தன் வலப்பக்கத்தில் கிடத்தி, தோட்டாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படுத்தார். வாடிக்குள் தோட்டா போட்ட துவக்கு இருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். காட்டில் தங்கப் போகிறவர்கள் நான் சொல்வதில் இந்த ஒன்றையாவது மனதில் வையுங்கள். நுளம்புப் புகைக்குள் இருமிக்கொண்டு எழும்புகிறவனின் கால் எங்கே தட்டும் என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலை பழம் பொறுக்கிக்கொண்டு பற்றைக்குள் குனிந்து போனோம். பாலைப்பழத்தின் பால் வாயில் ஒட்டி உதடு பிசுபிசுத்தது. எனக்கு முன்னால் ஐயா, தோளில் கட்டையன், கையில் பனையோலைக் குட்டான். அவர் திடீரென்று நின்றார். பத்துக் கவட்டுக்குள் ஒரு பாலை மரத்தடியில் கறுப்பாக ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டி இருந்து தின்றுகொண்டிருந்தது. கரடி. வன்னிக்காரருக்கு யானையை விடக் கரடிக்குப் பயம். யானை தூரத்தில் தெரியும், கரடி முட்டுப்படும்போதுதான் தெரியும். அதுவும் முகத்துக்குத்தான் பாயும்.

காற்று மாறியிருக்க வேண்டும். அது திரும்பி, இரண்டு காலில் எழுந்தது. நெஞ்சில் வெள்ளைப் பிறை. ஐயாவின் இரண்டு தோளையும் சூரைக்கொடி உரசிக்கொண்டிருந்தது. அந்த இடுக்குக்குள் குட்டான் விழுந்த சத்தமும் துவக்கு தோளுக்கு ஏறியதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. குழல் ஒரு கொடியிலும் பிடிக்கவில்லை. குதிரை இழுபட்டது. மூச்சை விட்டார். சுடவில்லை. அப்படியே நின்றார், நான் அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரடி ஒருதரம் உறுமி, நாலு காலில் விழுந்து, பற்றையைப் பிளந்துகொண்டு போனது. அதன்பிறகு ஐயா பெருவிரலால் குதிரையை மெல்ல இறக்கி, துவக்கை முறித்துத் தோட்டாவை எடுத்தார். காட்டுக்கோழிக்குப் போடும் நாலாம் நம்பர்ச் சின்னச் சன்னத் தோட்டா அது.

பெரியையா அன்று இரவு பிளேன்டீ குடித்துக்கொண்டு சொன்னார்: “நீளத் துவக்கெண்டால் தூக்கியிருக்கமாட்டாய். தூக்கியிருந்தாலும் சுட்டிருப்பாய். சுட்டிருந்தால் பெடியன் இல்லை.” அதற்குப் பிறகு அவர் அதை உலக்கைத் துண்டு என்று சொன்னதில்லை. கட்டையன் என்ற பேரை வைத்தவரும் அவர்தான். அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவலை, 1973இல் வந்ததை, சில வருடம் கழித்து நான் வாசித்தபோது தண்ணிமுறிப்புக் காட்டுக்குள் பெரியையா மாதிரி ஆட்கள் நடமாடினார்கள். வாயில் பாலைப்பழம் ஒட்டியது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஒரு இரவு சிலர் வந்து, லைசென்ஸ் துவக்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். ஐயா எடுத்துக் கொடுத்தார். கொடுக்கமுன் முறித்துப் பார்த்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிவிட்டு, “இரண்டரை அங்குலத் தோட்டா மட்டும் போடுங்கோ தம்பி” என்றார். வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். அவன் முகம் எனக்கு மறந்துவிட்டது. ஐயாவின் கை வெறுமையாகத் தொங்கிய விதம் மறக்கவில்லை. ஊரில் ஒரு வீட்டிலும் அதன்பின் லைசென்ஸ் துவக்கு இருக்கவில்லை. ஐயா 1992இல் காலமானார். 2009இல் போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கடற்கரை வரை போய், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பியபோது, பொலித்தீனில் சுற்றிய பிறப்பத்தாட்சிப் பத்திரங்களுக்குள் அந்த லைசென்ஸ் புத்தகமும் இருந்தது.

திரும்பிவந்த காணியில் முதல் விளைந்தது பற்றை. இரண்டாவது வந்தது பன்றி. மனிதர் இல்லாத வயல்களுக்கு அவை பழகிவிட்டன. யானையும் வருகிறது. கச்சானையும் மரவள்ளியையும் விட்டுவைப்பதில்லை. மரை, மான் சுடுவது இன்று குற்றம். அது சரியான சட்டம்தான், எங்கள் தலைமுறை தின்றது போதும். ஆனால் பன்றிக்கு விவசாயி என்ன செய்வான்? தகரம் தட்டுகிறான், டோச் அடிக்கிறான், யானைவெடி கொளுத்துகிறான். அதுவும் சரிவராமல் சிலர் இரவோடு இரவாகக் கரண்ட் கம்பி இழுக்கிறார்கள், கம்பி தட்டுப்பட்டால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். 2023இல் இந்த நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன. துவக்கும் கரண்டும் தீனுக்குள் ஒளித்து வைக்கும் வாய்வெடியும் அதற்குப் பெரிய காரணங்கள்.

பன்றியின் உயரத்துக்கு வைத்த கட்டுத்துவக்கு மனிதனுக்கு முழங்காலில் படும். பக்கத்துக் கிராமத்துப் பெடியன் ஒருவன், மாடு தேடிப்போனவன், அப்படி வெடிபட்டு முழங்காலுக்குக் கீழே காலை இழந்தான். ஆஸ்பத்திரியில் அவனைப் போய்ப் பார்த்தேன். கம்பியில் கால் தட்டியபோது ஒரு சின்ன இழுப்பு மட்டும்தான் தெரிந்தது என்றான். எனக்கு அந்த நாலு வெள்ளைச் சீலைத் தடியும் நினைவுக்கு வந்தன.

பயிர்க் காவலுக்கென்று, விசாரித்து, பேர் பதிந்து, ஊருக்கு ஒன்றிரண்டு துவக்கு பொறுப்பான விவசாயிகளின் கையில் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். கமக்காரர் அமைப்புகள் இதை மாவட்டச் செயலகத்தில் எழுத்தில் கேட்க வேண்டும். யார் வைத்திருக்கிறார், எத்தனை தோட்டா வாங்கினார், எப்போது சுட்டார் என்று எல்லாம் புத்தகத்தில் இருக்கும். துவக்கைப் பிடித்திருக்கிறவன் பார்த்துச் சுடுவான், பார்த்துச் சுடாமலும் விடுவான்.

அது நடக்கும் நாளில் நடக்கட்டும். வயலோரம், குளக்கட்டோரம் கட்டுத்துவக்கு கட்டியிருப்பவர்களே, இன்று பொழுதுபட முன் போய் அதைக் கழற்றிவிடுங்கள். விடிய அந்தப் பாதையால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள்.